இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழா மழையில் நனையாமல் தப்பியது, அறிவியல் கண்காட்சியில் பிள்ளைகள் அசத்தினார்கள், நூலகத்துக்குப் புதுப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. உழைத்த எல்லோருக்கும் பாராட்டுகள்.

சரி, மேல்நிலை வகுப்புகளுக்கு நடந்த ஆங்கில விவாதப் போட்டிக்கு வருகிறேன். தலைப்பு, அரசியலும் சமூகமும். ஒரு தலையங்கத்தை வாசித்துவிட்டு அதைப் பற்றி ஆங்கிலத்தில் சொந்தமாக நான்கு வாக்கியம் பேசும் அளவுக்குப் பிள்ளைகளிடம் சொல் சேர வேண்டும் என்பதுதான் நோக்கம். நீங்கள் எடுத்துக்கொண்ட அக்கறை மேடையில் நன்றாகவே தெரிந்தது. கொஞ்சம் அதிகமாகவே தெரிந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஒரு மாணவி தடங்கல் இல்லாமல் பேசிக்கொண்டே வந்தார். நடுவில், ஒரு பன்னாட்டு அமைப்பு அந்த நடவடிக்கையை ‘சாங்ஷன்’ செய்தது என்று ஒரு வாக்கியம். நடுவர் இயல்பாகத்தான் கேட்டார்: “அனுமதி கொடுத்தார்களா, தடை போட்டார்களா?” பதில் இல்லை. அந்தப் பெண்ணின் கண் மூன்றாவது வரிசைக்குப் போனது. அங்கே மடியில் அதே உரையின் நகல் விரிந்திருந்தது.

கேள்வி நியாயமானதுதான். லோன் சாங்ஷன் ஆனது என்றால் ஒப்புதல் கிடைத்தது என்று பொருள். ஒரு நாட்டின் மேல் சாங்ஷன்ஸ் என்று செய்தியில் வந்தால் தடை. ஒரே சொல்லுக்கு இரண்டு எதிரெதிர் வேலைகள். பக்கத்தில் எந்தச் சொல் வருகிறது என்று பார்த்துத்தான் பிடிக்க முடியும். தடை என்றால் பெரும்பாலும் ‘இம்போஸ்’ (விதித்தல்) என்ற வினை கூடவே வரும். இதைப் பட்டியலை மனப்பாடம் செய்து கற்க முடியாது.

இன்னொரு மாணவர் தன் வகுப்புத் தலைவரைப் புகழ்வதாக நினைத்து அவரை ‘பாப்புலிஸ்ட்’ என்றார். அரங்கமே சிரித்தது. விசாரித்தால், வீட்டில் அச்சடித்துக் கொடுத்த 50 சொல் பட்டியலில் அதற்கு நேராக ‘பிரபலமானவர்’ என்று இருந்ததாம். மக்கள் ஒரு பக்கம், மேல்தட்டு மறுபக்கம் என்று பிரித்து, மக்களின் குரல் நான்தான் என்று பேசும் அரசியலுக்கு உள்ள பெயர் அது. பெரும்பாலும் குறையாகத்தான் சொல்வார்கள். அன்று அந்தப் பையன் முகத்தைப் பார்த்தவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள்.

வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். வீட்டில் எழுதிக் கொடுத்த உரையும், கைப்பேசிச் செயலி எழுதித் தந்த உரையும் இனி ஏற்கப்படாது. உரையில் உள்ள எந்தச் சொல்லுக்கும் நடுவர் விளக்கம் கேட்பார். சொல்லத் தெரியாவிட்டால் அந்த உரைக்கு மதிப்பெண் கிடையாது. இதில் யாருக்கும் விலக்கு இல்லை. மதிப்பெண்ணுக்காக இரவில் ஆசிரியர்களைக் கைப்பேசியில் அழைப்பதையும் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

உதவவே கூடாது என்று சொல்லவில்லை. சொல்லின் கதையைச் சொல்லுங்கள். 1880இல் அயர்லாந்தில் சார்லஸ் பாய்காட் என்ற நில முகவரிடம் வேலை செய்ய ஆளில்லை, அவருக்குப் பொருள் விற்கக் கடைக்காரர்கள் இல்லை; ஊரே ஒதுக்கி வைத்தது. அவர் பெயரே வினைச்சொல் ஆனது. 1812இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரி கையெழுத்திட்ட சட்டத்தில் ஒரு தொகுதி சாலமாண்டர் என்ற பல்லி போன்ற பிராணியின் வடிவில் வளைந்து நெளிந்து கிடந்தது. தொகுதி எல்லையைத் தங்களுக்குச் சாதகமாக வெட்டி ஒட்டுவதற்கு ‘ஜெரிமாண்டர்’ என்று பெயர் வந்தது அப்படித்தான். இப்படிக் கேட்ட சொல்லைப் பிள்ளைகள் மறப்பதில்லை.

அதைவிட நல்ல பயிற்சி ஒன்று உண்டு. ஒரே செய்தியை இரண்டு பத்திரிகைகளில் சேர்ந்து வாசியுங்கள். ஒன்று ‘கவர்ன்மென்ட்’ என்று எழுதும் இடத்தில் மற்றொன்று ‘ரெஜீம்’ என்று எழுதும். ஆட்சி அதேதான், ஆனால் இரண்டாவது சொல்லிலேயே ஒரு கண்டனம் ஒளிந்திருக்கிறது. ‘புரொட்டெஸ்ட்’ (போராட்டம்), ‘ரயட்’ (கலவரம்) இரண்டும் அப்படித்தான். எழுதியவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பிள்ளையிடம் கேளுங்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்பதை அன்று ஒரு நாள் சொல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. வகுப்பில் கட்சி பேசுகிறார்களோ என்று கேட்ட பெற்றோருக்கும் இதுதான் பதில்: கட்சி பேசவில்லை, சொல்லைப் பிரித்துப் பார்க்கிறோம்.

அவசரமும் வேண்டாம். ஆவெரில் காக்ஸ்ஹெட் என்ற மொழி ஆய்வாளர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கிலக் கல்விச்சொல் பட்டியலில் மொத்தமே 570 சொற்குடும்பங்கள்தான் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்தவையும் சேர்ந்தது ஒரு குடும்பம்). பாலிசி, ஐடியாலஜி எல்லாம் அதில் அடக்கம். வாரம் எட்டு என்று வைத்தாலும் ஒன்றரை வருடத்துக்குள் முடிந்துவிடும்.

கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேனோ என்று தோன்றுகிறது. வேலை முடிந்து களைத்து வந்தும் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு ஆங்கில உரையைத் தயார் செய்த உங்கள் பொறுமை எங்களுக்குத் தெரியும். மூன்றாவது வரிசையில் இருந்தவர் மறுநாளே என்னை வந்து பார்த்து, அடுத்த முறை பெண்ணே எழுதட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: போட்டிக்காக நூலகத்திலிருந்து எடுத்த அகராதிகளில் மூன்று இன்னும் திரும்பவில்லை. வீட்டில் ஒரு முறை தேடிப் பாருங்கள்.