ரௌட்டர் உச்சியில் என்ன இருக்கிறது

அன்புள்ள அம்முவுக்கு,

நேற்று அம்மாவும் நானும் இங்கிலாந்தின் கார்ன்வாலில் பாட்மின் மூர் என்ற அந்தத் திறந்த புல்மேட்டுக்குப் போய் ரௌட்டர் குன்றைப் பார்த்துவிட்டு வந்தோம். எழுத்தில் ரஃப் டோர் என்றாலும் கார்ன்வால்காரர்கள் வாயில் அது ரௌட்டர்தானே.

உனக்கு எட்டு வயதில் அங்கே பாதி ஏறியபோது மூடுபனி இறங்கியது. நான் பயந்து உன்னைத் திருப்பிக் கூட்டிவந்தேன். "மேலே என்னப்பா இருக்கு?" என்று கார் வரைக்கும் அழுதாய். நேற்றுதான் பதில் கிடைத்தது. அதனால் போனில் சொல்லாமல் எழுதுகிறேன்.

சரிவில் அந்த வட்டக் கல்வீடுகள் அப்படியே இருக்கின்றன. நூற்றுக்கும் மேல் இருக்கும், வெண்கலக் காலத்தவை, ஏறக்குறைய 3,500 வருடப் பழமை. மரமும் புல்லும் வேய்ந்த கூரை எப்போதோ போய்விட்டது. தாழ்ந்த கல்வளையம்தான் மிச்சம். நீ "இது என் வீடு" என்று உட்கார்ந்துகொண்ட இடத்தை அம்மா கண்டுபிடித்துவிட்டாள். முட்டிவலி என்று பிளாஸ்க்கோடு அங்கேயே உட்கார்ந்தும்விட்டாள். அந்த மூர் மண்ணில் அமிலம் அதிகம், எலும்பைக்கூட விட்டுவைக்காது. அங்கே பிள்ளை வளர்த்தவர்களின் பெயரும் இல்லை, எலும்பும் இல்லை. ஆனால் எந்தப் பக்கம் வாசல் என்று இன்றும் தெரிகிறது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது அம்மு.

சரி, உச்சி. 400 மீட்டர் உயரம். கருங்கல் பாளங்கள் தோசை அடுக்கினாற்போல் நிற்கின்றன. யாரும் அடுக்கவில்லை. பாறையின் வெடிப்புகளுக்குள் மழையும் உறைபனியும் புகுந்து புகுந்து அரித்தது அது. ஆனால் அந்தப் பாறைகளை இணைத்து, உச்சியைச் சுற்றிக் கல் மதில் எழுப்பியிருக்கிறார்கள். அது புதிய கற்கால வேலை, கீழே உள்ள வீடுகளுக்கு ஆயிரம் வருடத்துக்கும் மேல் மூத்தது. சரிந்து கிடப்பதால், பல இடங்களில் எது தானாக உருண்ட கல், எது தூக்கிவைத்த கல் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. புனித மைக்கேல் சிற்றாலயத்தின் அடித்தளமும், இரண்டாம் உலகப் போரில் இறந்த பிரிட்டிஷ் ராணுவத்தின் 43ஆம் வெசெக்ஸ் டிவிஷன் வீரர்களுக்கான நினைவுப் பலகையும் அங்கே உண்டு. எதிரே பிரவுன் வில்லி, 420 மீட்டர், கார்ன்வாலிலேயே உயர்ந்த குன்று.

ஈஸ்டருக்கு வருவாய் அல்லவா? உன் பூட்ஸைத் துடைத்து வைத்திருக்கிறேன். பனி இறங்கினால் இப்போதும் திரும்பத்தான் சொல்வேன். அதனால் காலையிலேயே கிளம்பிவிடலாம்.

அன்புடன்,
அப்பா