எஸ்டிமேட் போடும் முன்னால் எங்களைக் கூப்பிடுங்கள்: ஒரு கோரிக்கை மனு

பெறுநர்
மாநகராட்சி ஆணையர் அவர்கள்,
பெங்களூரு.

பொருள்: வார்டு கமிட்டிக் கூட்டத்தை மாதாமாதம் மக்கள் வரக்கூடிய நேரத்தில் நடத்தவும், அங்கே சொல்லப்படுவதற்கு எழுத்தில் பதில் தரவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 22 வருடமாக இந்த ஊரில், ஒரே தெருவில், வாடகை வீட்டில் இருக்கிறேன். இந்த மனுவின் கன்னடப் பிரதியையும் இணைத்திருக்கிறோம். தமிழிலும் எழுதியதற்குக் காரணம் உண்டு. கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பெண்கள், தங்களால் படிக்க முடியாத தாளில் கையெழுத்துப் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போன வருடம் எங்கள் தெருவுக்குப் புது ரோடு போட்டார்கள். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டதால், முன்பு இரண்டு படி ஏறிப் போன வீடுகளுக்கு இப்போது ஒரு படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. மழைத் தண்ணீர் கோயில் பக்கமிருந்து வரும் என்பது இங்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் தெரியும், ஆனால் சாக்கடையை எதிர்ப்பக்கத்தில் கட்டியிருக்கிறார்கள். பூ கட்டி விற்கிற அக்கா வீட்டில் மே மாத மழைக்கு முழங்கால் அளவு தண்ணீர், அரிசி மூட்டை போச்சு, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகமெல்லாம் போச்சு. வேலை நடக்கும்போதே நாங்கள் போய்ச் சொன்னோம். "எங்களுக்கு வந்த ஆர்டர் இதுதான், ஆபீசில் கேளுங்கள்" என்றார்கள். ஆபீசில் கேட்டால், "எஸ்டிமேட் போடும்போதே சொல்லியிருக்கணும்மா" என்றார்கள். எஸ்டிமேட் எப்போது போட்டார்கள், எங்கே உட்கார்ந்து போட்டார்கள், எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

இந்த மனு அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான். எஸ்டிமேட் போடும்போது சொல்ல நாங்கள் தயார், கூப்பிடுங்கள்.

ஓட்டுப் போட்டோமே, அப்புறம் என்ன என்று கேட்கலாம். ஓட்டு என்பது யார் ஆள வேண்டும் என்பதற்கு நாங்கள் சொல்லும் பதில். சாக்கடை எந்தப் பக்கம் வேண்டும் என்று ஓட்டுச் சீட்டில் யாரும் கேட்பதில்லை. ஆளுவதிலும் ஆளப்படுவதிலும் பங்கு உள்ளவரே குடிமகன் என்று அரிஸ்டாட்டில் சொன்னதாகப் படித்திருக்கிறேன், அப்படிப் பார்த்தால் எங்களுக்கு இரண்டாவது பாதி மட்டும்தான் கிடைத்திருக்கிறது. அதிலும் பெங்களூரில் அந்த ஓட்டுக்கூட நிலையாக இல்லை. 2020 செப்டம்பரில் கவுன்சிலின் பதவிக்காலம் முடிந்தது, அதன் பிறகு ஐந்து வருடம் கவுன்சிலர் இல்லாமலே ஓடிவிட்டது, 2025 செப்டம்பரில் மாநகராட்சியையே ஐந்தாகப் பிரித்தார்கள். கவுன்சிலர் இல்லாத காலத்தில் வார்டு கமிட்டியாவது உயிரோடு இருக்க வேண்டாமா?

இது நாங்கள் கேட்கும் சலுகை இல்லை. 1993 ஜூன் முதல் அமலில் இருக்கும் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தில், 3 லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு கமிட்டி இருக்க வேண்டும் என்று 243எஸ் பிரிவு சொல்கிறது.

நம் ஆட்களுக்கு இது புதிதும் இல்லை. சுமார் 1100 வருடத்துக்கு முன்னால், பராந்தக சோழன் காலத்தில், உத்திரமேரூரை 30 குடும்புகளாக, அதாவது இன்றைய வார்டு மாதிரி, பிரித்துக் குடவோலை எடுத்தார்கள், ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஏரி வாரியம் இருந்தது. நிலமும் வேதப் படிப்பும் இருந்தவர்களுக்கு மட்டுமான சபை அது, எங்களைப் போன்றவர்களுக்கு அதில் இடமே இருந்திருக்காது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரக்கூடாது என்று கல்லில் வெட்டி வைத்தார்களே, அந்த ஒரு விதியை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு நிறைகிறது. எங்கள் தெரு ரோட்டுக்கு எவ்வளவு செலவானது என்று ஒரு பலகைகூட இல்லை.

பக்கத்துக் கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது, திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்து, என்ன தேவை என்று முதலில் கிராம சபையில் கேட்டார்கள். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரத்தில் 1989 முதல் பகுதி பகுதியாக மக்கள் கூடி நகர பட்ஜெட்டில் எதற்குச் செலவழிக்கலாம் என்று பேசினார்கள், அங்கேயும் அதிகம் கேட்கப்பட்டவை கழிவுநீர்க் குழாயும் தெருவுக்குத் தளமும்தான். படித்தபோது எங்கள் தெருவே ஞாபகம் வந்தது.

கூட்டம் போட்டாலும் யாரும் வருவதில்லை, வந்தால் புகார்தான் சொல்கிறார்கள் என்று அதிகாரிகள் சொல்வதுண்டு. ஐயா, வேலை முடிந்த பிறகு கூப்பிட்டால் புகாரைத் தவிர வேறு எதைச் சொல்ல முடியும்? சனிக்கிழமை காலை 11 மணிக்குக் கூட்டம் என்றால் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் எப்படி வருவார்கள்? முந்தின நாள் ஆபீசுக்குள் ஒட்டிய நோட்டீஸை யார் பார்ப்பார்கள்? சங்கம் என்று கூப்பிட்டால் சொந்த வீட்டுக்காரர்கள்தான் வருகிறார்கள், அவர்கள் மேல் எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை, ஆனால் தண்ணீர் புகுவது கீழ்வீட்டு வாடகைக்காரர்கள் வீட்டில்.

ஆகவே கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமையோ வார நாளில் மாலை 7 மணிக்கோ வையுங்கள், ஒரு வாரம் முன்னால் ரேஷன் கடையிலும் தண்ணீர்த் தொட்டி பக்கத்திலும் நோட்டீஸ் ஒட்டுங்கள், குப்பை வண்டி ஒலிபெருக்கியில் சொன்னால் இன்னும் நல்லது. வாடகைக்கு இருப்பவர்களையும் பவுரகார்மிகர்களையும் (துப்புரவுத் தொழிலாளர்களையும்) பேச விடுங்கள். எந்த வேலையானாலும் எஸ்டிமேட்டுக்கு முன்னால் எஞ்ஜினியர் எங்களோடு தெருவில் ஒரு தடவை நடந்து பார்க்கட்டும். நாங்கள் சொன்னது எல்லாம் நடக்க வேண்டும் என்று கேட்கவில்லை, முடியாது என்றால் ஏன் முடியாது என்று அடுத்த கூட்டத்துக்குள் எழுத்தில் சொல்லுங்கள், அது போதும்.

எங்கள் பங்கை நாங்கள் ஆரம்பித்துவிட்டோம். மழை நின்ற ஒவ்வொரு தடவையும் தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரில் பெயின்டால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வைத்திருக்கிறோம். 14 வீடுகளின் அளவையும் கையால் வரைந்த தெருப் படத்தையும் இதோடு இணைத்திருக்கிறேன். அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களோ உங்கள் எஞ்ஜினியரோ வாருங்கள். தேதியை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வேலைக்குப் போகிறவர்கள் லீவு சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
தெருவாசிகள் சார்பில்,
கையெழுத்துகள் தனித்தாளில்.