ஆடிக்கு வந்தாச்சு, தைக்கும் கூப்பிடுங்க: கொல்லிமலையில விழா எடுக்கறவங்களுக்கு

வணக்கம்ங்க.

நான் அடிவாரத்து ஆளு. காரவள்ளி தாண்டி அந்த 70 கொண்டை ஊசி வளைவையும் பஸ்ல, பைக்ல, ஒரு தடவ மினி லாரில பலாப்பழ லோடு எறக்கிட்டுத் திரும்பி வர்ற காலி வண்டிலன்னு எல்லா விதத்துலயும் ஏறியிருக்கேன். அதனால இத குறை சொல்ற லெட்டர்னு எடுத்துக்காதீங்க, ஒரு விண்ணப்பம்னு வெச்சுக்கங்க.

ஆடி 17, 18 ரெண்டு நாளும் வல்வில் ஓரி விழா ஜோராதான் நடக்குது. ஒரே அம்புல யானை, புலி, மான், பன்னி, உடும்புன்னு அஞ்சையும் துளைச்ச மனுஷன் பேர்ல விழான்னா வில்வித்தைப் போட்டி இல்லாமயா, அதுவும் இருக்கு. ஆடிப்பெருக்கும் சேர்ந்து வர்றதால அறப்பளீஸ்வரர் கோயில்ல கால் வைக்க எடம் இருக்காது. அதெல்லாம் அப்படியே இருக்கட்டும். நான் கேக்குறது தை மாசத்துல இன்னொண்ணு, அறுவடை விழா.

ஏன்னா ஆடில வர்றவங்க இந்த மலையோட வெள்ளாமைய பாக்குறதே இல்ல. பலா முடியற நேரம், சாமை பச்சையா நிக்கும், மிளகு அப்பதான் சரம் விட்டுட்டு இருக்கும். என் கூட வந்த சென்னைப் பையன் சில்வர் ஓக் மரத்த அண்ணாந்து பாத்துட்டு 'ஓ, இதுதான் மிளகு மரமா'ன்னான். அந்த மரத்து மேல மிளகுக்கொடி ஏறி நிக்கிறது அவன் கண்ணுக்கே தெரியல.

அவனையே தைல கூட்டிட்டு போனேன். ஏணி சாத்தி, சரம் சரமா பறிச்சுப் போட்டுட்டு இருந்தாங்க, கீழ தார்ப்பாய்ல கொட்டி ஒரு அக்கா கால்லயே மிதிச்சு உதிர்த்தாங்க. காலைல பச்சையா கொட்டுனது வெயில் ஏற ஏற பழுப்படிச்சு, ரெண்டொரு நாள்ல கருத்து, அப்புறம் சுருங்கி நம்ம அஞ்சறைப் பெட்டி மிளகு ஆயிடுது. பையன் ஒரு பச்சை மிளகை எடுத்து கடிச்சுட்டு அரைமணி நேரம் வாயத் தொறக்கல.

சாமை கதை இன்னும் பெருசு. இந்த மலையில சாமையில மட்டுமே கட்டவெட்டி, சடஞ்சாமை, மல்லியச்சாமைன்னு வகை உண்டு. மரவள்ளி வந்து சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரிக்கு லோடு போக ஆரம்பிச்சதும் சாமைக்காடு சுருங்கிப்போச்சு, காசு ஒரு காரணம்தான், ஆனா சாமைய உரல்ல போட்டுக் குத்தி உமி எடுக்கறது பொம்பளைங்க தோள்பட்டையை கழட்டுற வேலை, அதையும் சொல்லணும்ல. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்க பழைய விதைங்கள காப்பாத்தறதுக்கும் உமி நீக்குற மிஷினுக்கும் நெறைய வேலை செஞ்சிருக்கு. விழாவுல உரலையும் மிஷினையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு வர்றவங்கள ஒரு படி சாமை குத்தச் சொல்லுங்க. அப்புறம் வெலையில பேரம் பேசுவாங்களான்னு பாப்போம்.

பறிப்பு நேரத்துல எவனுக்குய்யா விழாவுக்கு நேரம்னு மேல ஒரு பெரியவர் என்கிட்ட கேட்டாரு. நியாயம்தான். அதான் பெரிய மேடை, ஆர்க்கெஸ்ட்ரா எதுவும் வேணாங்கறேன். பொங்கல் கழிஞ்ச சனி ஞாயிறு, சோளக்காடு சந்தையில நாலு பந்தல், விருப்பப்படற தோட்டக்காரங்க வீட்டுக் களத்துக்கே ஆளுங்கள அனுப்பி வைங்க, அவங்க பறிக்கறத பறிக்கட்டும், வர்றவன் பாக்கறத பாக்கட்டும், வாங்கறத நேரா அவங்க கையிலயே வாங்கட்டும்.

சுத்திப் பாக்கவும் அது நல்ல நேரம். ஆகாயகங்கை அருவிக்கு எறங்க 1000 படிக்கு மேல, மழையில வழுக்கும், தைல காஞ்சு கிடக்கும், அருவியிலயும் தண்ணி சுத்தமா நின்னுடாது. முட்டி வலிக்காரங்களுக்கு மாசிலா அருவி, அங்க படி கம்மி. சீக்குப்பாறை வியூ பாயிண்ட்டுக்கு விடியக்காலை போனா பனி, ஸ்வெட்டர் எடுத்துட்டு வரச் சொல்லி நோட்டீஸ்லயே போட்டுடுங்க.

அப்படியே பார்க்கிங்குக்கும் ஒரு எடம் ஒதுக்கிடுங்க. போன தைல ரோட்டோரம் காயப்போட்ட மிளகு மேலயே ஒரு கார் ஏறி நின்னுச்சு, இறங்கினவரு 'என்ன வாசனையா இருக்கு'ன்னு கேக்கறாரு.