அரசுப் பள்ளி வளர்த்த விளையாட்டுப் பிள்ளைகளைத் தனியார் பள்ளிகள் நடுவில் அழைத்துப்போவது குறித்து மூன்றாவது மனு

அனுப்புநர்:
முன்னாள் படைவீரர்,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்,
அரசு மேல்நிலைப் பள்ளி,
அணைக்கட்டு வட்டம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சத்துவாச்சாரி, வேலூர்.

பொருள்: பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் அரசுப் பள்ளி, தனியார் பள்ளி இடையே நியாயமான நடைமுறை வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: சென்ற டிசம்பரிலும் இந்த ஜூலையிலும் நான் கொடுத்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். இதே விஷயமாக இரண்டு மனு கொடுத்திருக்கிறேன். இரண்டுக்கும் ஒப்புகைச் சீட்டு கையில் இருக்கிறது. உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது என்று செல்போனில் தகவல் வந்தது. அப்புறம் மனு முடித்துவைக்கப்பட்டது என்று இன்னொரு தகவல் வந்தது. யாரும் பள்ளிக்கு வரவில்லை, என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதை முடித்துவைத்தார்கள் என்று தெரியவில்லை. ஆகவே இந்த மனுவைத் தாங்களே படிக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் பகுதி தங்களுக்குத் தெரியாதது அல்ல. பீஞ்சமந்தை மலையிலிருந்து இறங்கி வந்து படிக்கும் பிள்ளைகளும் எங்களிடம் இருக்கிறார்கள். தாய்மார்களில் பலர் விடியும் முன் கம்பெனி பஸ் ஏறி ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். மற்றவர்கள் நூறு நாள் வேலைக்கும் கழனி வேலைக்கும் போகிறார்கள். நான் ராணுவத்தில் ரெஜிமெண்ட் அணிக்குக் கபடி ஆடியவன். ஓய்வு பெற்று ஊருக்கு வந்ததிலிருந்து தினமும் காலை ஐந்தரை மணிக்குப் பள்ளி மைதானத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கிறேன். தலைமையாசிரியர் அனுமதியோடுதான் செய்கிறேன். சம்பளம் கிடையாது, கேட்கவும் இல்லை.

1. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை எங்கள் பள்ளிக்கு ஒரே ஒரு உடற்கல்வி ஆசிரியர். நல்லவர், உழைப்பாளி. ஆனால் பாதி நாள் அவரை வேறு வேலைக்குக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.

2. விளையாட்டுப் பொருள் வாங்க ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மேல்நிலைப் பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய். எல்லா விளையாட்டுக்கும், ஆண், பெண் இருபாலருக்கும் சேர்த்து இவ்வளவுதான். பந்தும் வலையும் வாங்கினாலே தீர்ந்துவிடும். கபடி ஆட விரிக்கும் மேட் என்ற பேச்சே கிடையாது. எங்கள் பிள்ளைகள் மண்ணில் வெறுங்காலோடு ஆடிப் பழகுகிறார்கள். மேல்மட்டப் போட்டிகளில் மேட் விரித்து, ஷூ போட்டு ஆடச் சொல்கிறார்கள். தனியார் பள்ளிகள் சிலவற்றில் சொந்தமாக மேட் இருக்கிறது, கோச் இருக்கிறார், பஸ் இருக்கிறது. சரி, அவர்களிடம் பணம் இருக்கிறது, வைத்துக்கொள்ளட்டும். அதைப் பற்றி நான் மனு எழுதவில்லை. இல்லாததை வைத்துக்கொண்டு ஆட எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். அடுத்து எழுதுவதைத்தான் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

3. ஒரு பிள்ளையைப் பற்றி எழுதுகிறேன். பெயர் எழுதவில்லை. ஒரு பெண் பிள்ளையின் பெயர் மேசை மேசையாக அலைய வேண்டாம். தாங்கள் கூப்பிட்டால் நேரில் அழைத்து வருகிறேன்.

ஆறாம் வகுப்பில் மைதானத்துக்கு வந்தாள். மூச்சைப் பிடித்துப் பாடிப் போகப் பழகவே ஓராண்டு ஆயிற்று. போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு காலை வைத்து, பின்னங்கால் தரையில் படாமல் திரும்பும் வித்தையை எட்டாம் வகுப்பில் பிடித்தாள். அவளுடைய தாயார் நாள் முழுவதும் வெளிநாட்டுக்குப் போகும் ஷூவைத் தைக்கிறார். மகளுக்கு ஒரு ஜோடி கபடி ஷூ வாங்க அவருக்கு முடியவில்லை. என் பென்ஷனில் வாங்கினேன். பத்தாம் வகுப்பில் இவளை வைத்துத்தான் 17 வயதுக்குட்பட்டோர் பிரிவில் முதல் கட்டமான குறுவட்டப் போட்டியில் ஜெயித்தோம். வருவாய் மாவட்டப் போட்டியில் அரையிறுதி வரை போனோம். மைதானத்து ஓரத்தில் நின்று செல்போனில் அவளைப் படம் பிடித்தவர்களை அன்றைக்கே பார்த்தேன். விவரம் புரியவில்லை.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறு வாரம் அவள் வீட்டு வாசலில் ஒரு தனியார் பள்ளியின் கார் வந்து நின்றது. கட்டணம் வேண்டாம், விடுதி இலவசம், தினமும் முட்டை, பால், மேட் மைதானம், பிளஸ் டூ முடித்தால் காலேஜில் ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட்டு என்றார்கள். எல்லாம் வாய் வார்த்தை. ஒரு தாள் கிடையாது, ஒரு கையெழுத்து கிடையாது. அவளை மட்டும் அல்ல, களத்தில் இறங்கும் ஏழு பேரில் மூன்று பேரைக் கொண்டுபோனார்கள்.

ஆகஸ்டில் குறுவட்ட இறுதிப் போட்டி. எதிர்ப் பக்கத்தில் எங்கள் மூன்று பிள்ளைகளும் வேறு ஜெர்சியில் நின்றார்கள். என்னைப் பார்த்ததும் அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். அவள் எந்தப் பக்கம் திரும்புவாள் என்று ஓரத்தில் நின்று பிடிக்கும் எங்கள் கார்னர் பிள்ளைக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். இருந்தும் பிடிக்கக் கை போகவில்லை. "சார், அக்காவை எப்படி சார் கால் பிடிச்சு இழுக்கிறது?" என்று இடைவேளையில் அழுதாள். தோற்றோம். குறுவட்டத்தில் ஒரு ஆட்டம் தோற்றால் அந்த வருடம் முடிந்தது, அம்மா. அதற்கு மேல் வருவாய் மாவட்டமும் கிடையாது, மாநிலமும் கிடையாது.

தோற்றதைக்கூட விடுங்கள். இரண்டு மாதம் கழித்துப் பயிற்சியில் அந்தப் பிள்ளைக்கு முட்டி திரும்பியது. ஜவ்வு கிழிந்துவிட்டது. முதல் வாரம் ஐஸ் வைத்தார்கள். இரண்டாம் வாரம் ஊருக்கு அனுப்பினார்கள். மூன்றாம் வாரம் விடுதியில் அவள் கட்டிலில் வேறு பிள்ளை. தாயாரை வரச்சொல்லி, ஆடாத பிள்ளைக்கு இலவசம் கிடையாது, படிக்க வேண்டுமானால் பணம் கட்டுங்கள் என்றார்கள். அவர்கள் கேட்ட தொகை அந்தத் தாயாரின் ஐந்து மாதச் சம்பளம். திரும்ப எங்கள் பள்ளியில் சேர்க்கலாம் என்றால் கட்டண பாக்கி என்று டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) தரவில்லை, கல்வித் துறையின் மாணவர் கணினிப் பதிவான எமிஸிலும் பெயரை விடுவிக்கவில்லை. அடுக்கம்பாறை ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாறி அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனது நானும் அவளுடைய தாயாரும்தான். இலவசம் என்று வந்த கார் அப்போது எங்கள் தெருப்பக்கம் வரவில்லை.

கட்டணம் வசூலிக்க டி.சி.யை ஒரு கருவியாகப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. அந்தச் செய்தியை வெட்டி எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அதற்கும் பலன் இல்லை. நவம்பர் முழுக்க அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். பதினோராம் வகுப்புப் பிள்ளை. முதல் மனுவை டிசம்பரில் கொடுத்தேன். யாராவது ஒரு போன் செய்திருந்தால் ஒரு மாதப் படிப்பாவது மிஞ்சியிருக்கும்! ஊர்க்காரர்கள் பணம் திரட்டிக் கட்டிய பிறகு ஜனவரியில்தான் எங்கள் பள்ளிக்கு வந்தாள்.

இப்போது பிளஸ் டூ. இன்னும் காலையில் மைதானத்துக்கு வருகிறாள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுகிறாள். அவளிடம் மாநில அளவுச் சான்றிதழ் எதுவும் இல்லை. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடம் இருக்கிறது, அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இருக்கிறது. அதை எல்லாம் நானேதான் அவளுக்கு ஒரு காலத்தில் சொல்லிச் சொல்லி ஆசை காட்டினேன். இப்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

4. யாரும் தனியார் பள்ளிக்குப் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஏழைப் பிள்ளைக்கு நல்ல சாப்பாடும் நல்ல மைதானமும் கிடைத்தால் அதைக் கெடுக்க நான் யார்? போகட்டும். ஆனால் போகிற பிள்ளைக்கு ஒரு பாதுகாப்பு வேண்டும், விட்டுவிட்டுப் போகிற அணிக்கும் ஒரு நியாயம் வேண்டும். ஐந்து வருடம் வளர்த்தது ஒரு பள்ளி, கோப்பையைத் தூக்கி நோட்டீஸ் பலகையில் படம் போட்டுக்கொள்வது வேறு பள்ளி. அந்தப் படத்தைக் காட்டித்தான் அடுத்த வருட அட்மிஷன் நடக்கிறது.

5. அரசுப் பள்ளிப் பிள்ளையும் தனியார் பள்ளிப் பிள்ளையும் ஒரே கோட்டிலிருந்து ஓடவில்லை என்பதை அரசாங்கமே ஒத்துக்கொண்டிருக்கிறது. மருத்துவப் படிப்பில் 2020இல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கொடுத்தார்கள். 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் வரை அதை நீட்டினார்கள். படிப்பில் ஒத்துக்கொண்டதை விளையாட்டில் ஒத்துக்கொள்ள என்ன தடை? அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் தனியார் பள்ளியின் மாணவர் எண்ணிக்கையை 1.65ஆல் பெருக்கிப் பார்த்து, அதை வைத்து எந்தப் பிரிவில் ஆட வேண்டும் என்று முடிவு செய்யும் முறை கொண்டுவந்தார்கள். அங்கே பல மாநிலங்களில் வீடு மாறாமல் பள்ளி மட்டும் மாறிய பிள்ளை ஒரு பருவம் ஆட முடியாது. அந்த விதிகளை அப்படியே கேட்கவில்லை. பணக்கார நாட்டிலேயே இதைப் பிரச்சினை என்று உட்கார்ந்து பேசுகிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

6. எங்கள் மண்ணில் திறமைக்குக் குறைவில்லை. தங்கள் அலுவலகம் இருக்கும் இதே சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்ட் கோஸ்டிலும் காமன்வெல்த் பளுதூக்குதலில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கியவர். சென்னை கண்ணகி நகர் கார்த்திகா 2025இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற அணியில் ஆடியபோது எங்கள் பிள்ளைகள் ஒரே செல்போனைச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

7. நான் கேட்பது இவ்வளவுதான்:

விளையாட்டைக் காட்டி அழைத்துப்போகும் தனியார் பள்ளி, அந்தப் பிள்ளைக்குப் பிளஸ் டூ முடியும் வரை, காயம் பட்டாலும் ஆடாவிட்டாலும், கட்டணம் கேட்பதில்லை என்றும், மருத்துவச் செலவை ஏற்பதாகவும் எழுதிக்கொடுக்க வேண்டும். ஒரு நகல் பெற்றோரிடம், ஒரு நகல் கல்வி அலுவலகத்தில். இதை மட்டுமாவது தாங்கள் உத்தரவிடலாம்.

குடும்பம் ஊர் மாறாமல் இப்படிப் பள்ளி மாறும் பிள்ளை அந்த ஓர் ஆண்டு குறுவட்டக் குழுப் போட்டியில் புதிய பள்ளிக்கு ஆடக் கூடாது. தடகளம் போன்ற தனிநபர் போட்டியில் ஆடட்டும், பிள்ளையின் வருடம் வீணாகக் கூடாது. விதியை மாற்றுவது சென்னையில் என்று தெரியும். தாங்கள் பரிந்துரை எழுதினால் போய்ச் சேரும். நான் எழுதினால் முடித்துவைக்கப்படும்.

குறுவட்டத்திலிருந்து வருவாய் மாவட்டத்துக்கு ஒரு அணிக்குப் பதில் இரண்டு அணி போகட்டும், அதில் ஒன்று அரசுப் பள்ளி அணியாக இருக்கட்டும்.

டி.சி.யைப் பிடித்துவைக்கும் பள்ளி மீது ஒரு வாரத்துக்குள் நடவடிக்கை வேண்டும். ஒரு வாரம், அம்மா. ஆறு மாதம் அல்ல.

8. உடற்கல்வி ஆசிரியரை மைதானத்திலேயே விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

9. மறுபடியும் கேட்கிறேன், அந்த எழுத்துமூல உறுதிமொழியை மட்டுமாவது முதலில் கொண்டுவாருங்கள். மேட் வேண்டாம், ஷூ வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இது ஒரு சுற்றறிக்கை, ஒரு கையெழுத்து. எதற்காக இரண்டு மனு, பத்து மாதம் ஆகிறது என்று எனக்கு விளங்கவில்லை. மரியாதைக் குறைவாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். ஆனால் எழுதியதை மாற்றப் போவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கார் மறுபடியும் எங்கள் தெருவுக்கு வந்தது. இந்த முறை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் வீடு. அவளுடைய அப்பா மலையில் கூலி வேலை செய்கிறவர், படிக்கத் தெரியாது. என்னிடம் வந்து "போகட்டுமா சார், வேணாமா?" என்று கேட்டார். என்ன சொல்வது என்று தெரியாமல், அரையாண்டுப் பரீட்சை முடியட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அதற்குள் தங்கள் பதில் வர வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முன்னாள் படைவீரர்,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்.

இணைப்பு: முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டு நகல்கள் 2, பெற்றோர் 41 பேர் கையெழுத்து, கைநாட்டு.