வெள்ளிக்கிழமை இரவுக்குப் பிறகு மகனுக்கு

கொழும்பு 13,
11.12.2022

அன்புள்ள தம்பி,

வெள்ளிக்கிழமையிலிருந்து நீ போனை எடுக்கவில்லை. உனக்குச் சுகமில்லையோ என்று அம்மா பயந்துபோனா. "அவனுக்கு ஒன்றுமில்லை, பிரேசில் தோற்றுவிட்டது" என்றேன். பயம் போய்க் கோபம் வந்துவிட்டது, நம் இரண்டு பேர் மேலும்.

குரோஷியாவுடன் உலகக் கிண்ணக் காலிறுதி ஆட்டம் இங்கே தொடங்கியது இரவு எட்டரைக்கு. உனக்கு டொரொன்டோவில் காலை பத்து மணி, வேலைத்தலத்தில் ஒளித்து வைத்துத்தான் பார்த்திருப்பாய். தோல்வியைத் தனியாக இருந்து பார்ப்பது கொடுமைதான். எனக்காவது சேர்ந்து திட்டுவதற்குப் பக்கத்து வீட்டு ஆட்கள் இருந்தார்கள்.

நீ அனுப்பிய ஒரே மெசேஜ், "பெனால்டி வெறும் லொத்தர்" என்பது. அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நடுவில் வெட்டிவிடுவாய்.

லொத்தர் வாங்குகிறவன் சீட்டை மடித்துப் பையில் போட்டுவிட்டுச் சும்மா இருக்கலாம். குரோஷியாவின் கோல் காப்பாளர் லிவாகோவிச் சும்மா இருந்தாரா? நாலு நாளைக்கு முன்னர் ஜப்பானுடன் மூன்று உதைகளைத் தடுத்தவர் அவர். 2018 இல் டென்மார்க், பிறகு ரஷ்யா, இந்த முறை ஜப்பான், இப்போது நாங்கள். குரோஷியா உலகக் கிண்ணத்தில் பெனால்டிக்குப் போன நாலு தடவையும் வென்றிருக்கிறது. இதை அதிர்ஷ்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதோடு, நாங்கள் தோற்றது பெனால்டியில் அல்ல. மேலதிக நேரத்தின் முதல் பாதி முடியப்போகும்போது நெய்மர் போட்டாரே ஒரு கோல், இரண்டு பேருடன் பந்தை மாற்றி மாற்றிக் கொண்டுபோய், காப்பாளரையும் சுற்றி! பிரேசிலுக்காகப் பெலே போட்ட 77 கோலை அன்றைக்குத்தான் எட்டிப் பிடித்தார். மிச்சம் பதினைந்து நிமிடம். பந்தைக் காலுக்குள் வைத்துக்கொண்டு நின்றால் போதும். 117ஆம் நிமிடத்தில் பார்த்தால் நம் ஆட்கள் முன்னுக்கு ஒரே கூட்டம், பின்னுக்கு ஆளில்லை. குரோஷியாவின் பெட்கோவிச் அடித்த பந்து நம் மார்க்கின்யோஸில் பட்டு உள்ளே போனது. முழு ஆட்டத்திலும் குரோஷியா கோலுக்கு நேராக அடித்ததே அந்த ஒன்றுதான். ஒரு கோல் முன்னுக்கு நிற்கும்போது இன்னொன்றுக்கு அலைவானேன்? கோபப்படுவதென்றால் இதற்குப் படு.

ரொட்ரிகோவைத் திட்டாதே. 21 வயதுப் பிள்ளை பெனால்டியில் முதல் உதைக்கு வந்து நின்றான், காப்பாளர் தடுத்துவிட்டார். நெய்மரை ஐந்தாவதாக வைத்தது அவன் செய்த வேலையா? கடைசி உதையில்தான் அழுத்தம் அதிகம் என்று பயிற்றுநர் டிட்டே காரணம் சொன்னார். நாலாவதிலேயே கதை முடிந்துபோனால் ஐந்தாவது ஆள் யாருக்கு?

எனக்கு இது புதிதில்லை. 1986 இல் மெக்சிகோவில் பிரான்ஸிடம் இதே காலிறுதி, இதே 1-1, இதே பெனால்டி. ஆட்டத்துக்குள்ளே கிடைத்த பெனால்டியை நம் சீக்கோ விட்டார். கடைசியில் வரிசையாக உதைக்க வந்தபோது போட்டுவிட்டார்! ஆனால் நம் சொக்ரட்டீஸ் விட்டார், பிரான்ஸ் பக்கம் பிளாட்டினியே மேலே அடித்தார். பெரிய கால்களுக்கும் அந்தப் புள்ளியில் இதுதான் நிலைமை. அப்போது உன் அப்பப்பாவுடன் நான் ஒரு கிழமை பேசவில்லை, அவர் இத்தாலி ஆள் என்பதால் சிரித்தார்.

எட்டு வருடம் கழித்து இத்தாலியுடன் இறுதி ஆட்டம். கோலே இல்லை. பெனால்டியில் அவர்களுடைய பாஜியோ மேலே அடித்தார், நாங்கள் கிண்ணத்தைத் தூக்கினோம். நான் தெருவில் இறங்கி ஆடினேன். அந்த மனுஷன் இடுப்பில் கைவைத்துத் தலைகுனிந்து நின்றதை அப்புறம்தான் கவனித்தேன். அன்று பெனால்டி அநியாயம் என்று ஒரு பிரேசில் ஆளும் சொல்லவில்லை. அந்த வழியால் வந்த ஒரு கிண்ணத்தை அலுமாரியில் வைத்துக்கொண்டு இன்றைக்கு நாம் முறைப்பாடு செய்ய முடியாது.

போன வருடம் நவம்பரில் ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் நம் நாட்டு அணியும் இறுதி ஆட்டத்தில் சீஷெல்ஸிடம் பெனால்டியில் தோற்றது. அதற்கு நீ ஒரு நேரச் சாப்பாட்டைக்கூட விடவில்லை, கவனி.

செவ்வாய் இரவு அர்ஜென்டினா, குரோஷியா. எங்களுக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. பக்கத்து வீடு முழுக்க மெஸ்ஸி. நான் குரோஷியா பக்கம், 37 வயதில் மொட்ரிச் ஓடுகிற ஓட்டத்துக்காக. நீ யார் பக்கம் என்று சொல். அம்மா அனுப்பின மிளகாய்த்தூள் பார்சல் வந்ததா என்பதையும் சொல், அதைத்தான் இங்கே மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறா.

அன்புடன்,
அப்பா