ஸ்டெப் மார்க் கொடுக்காத விளையாட்டு

தங்கச்சிமடம்

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லோரும் சுகம். வாடைக்காற்று பிடித்துக்கொண்டதால் அப்பா பாதி நாள் கரையில்தான் இருக்கிறார். காலேஜில் படிக்கும்போது நீ எழுதிய அந்த பிளாக்ஜாக் விளையாட்டு, அதுதான் 21ஐத் தாண்டாமல் சீட்டு எடுத்து, சீட்டுப் போடும் டீலரை ஜெயிக்கிற ஆட்டம், பழைய லேப்டாப்பில் அப்படியே கிடக்கிறது. "ஆடிப் பார்க்காமல் திட்டாதேம்மா" என்றாய் அல்லவா, ஆடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இது மங்காத்தா இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் இங்கே கொட்டகைகளில் உள்ளே வெளியே ஆடுகிறார்களே, அதில் ஆடுகிறவனுக்கு யோசிக்க ஒன்றும் கிடையாது. பணத்தை வைத்துவிட்டுச் சீட்டு எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். உன் ஆட்டத்தில் ஒவ்வொரு கைக்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த முடிவுக்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. என் சீட்டுகளின் கூட்டல் 12, டீலர் காட்டும் சீட்டு 6 என்று வை. இன்னொரு சீட்டு எடுத்து, அது பத்து மதிப்புள்ளதாக (10, ஜாக்கி, ராணி, ராஜா) வந்தால்தான் நான் 21ஐத் தாண்டிக் கவிழ்வேன், அது 13இல் 4 வாய்ப்புதான். ஆனாலும் எடுக்கக் கூடாது. 17 வரும்வரை எடுத்தே தீர வேண்டும் என்பது டீலருக்கு விதி, நமக்கு அது இல்லை. 6 காட்டும் டீலர் நூற்றுக்கு 42 தடவைபோல 21ஐத் தாண்டிப் போகிறார். சும்மா இருந்தாலே போதும். ஆனால் அவர் 2 அல்லது 3 காட்டினால் அதே 12க்கு எடுக்க வேண்டும். இப்படி ஒரு கட்டம் தள்ளினால் விடை மாறுகிற அட்டவணை எனக்குப் பிடித்த விஷயம். அடுப்படிச் சுவரில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். பார்த்தவர்கள் வாய்ப்பாடு என்று நினைத்துக்கொள்கிறார்கள், நானும் விட்டுவிட்டேன்.

இதை முதலில் ஒழுங்காகக் கணக்குப் போட்டவர்கள் அமெரிக்க ராணுவத்தில் இருந்த நான்கு பேர். கம்ப்யூட்டர் இல்லாமல், மேசைமேல் வைக்கும் கால்குலேட்டரிலேயே போட்டு, 1956இல் ஒரு புள்ளியியல் இதழில் வெளியிட்டார்கள். அப்புறம் எட்வர்ட் தோர்ப் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த ஐ.பி.எம். 704 கம்ப்யூட்டரில் கணக்கை ஓட்டிப் பார்த்து, 1962இல் சீட்டை எண்ணும் முறையை, அதாவது வந்துபோன சீட்டை வைத்து மீதியைக் கணிக்கும் முறையைப் புத்தகமாகவே போட்டார். அவர் கணக்கு வாத்தியார். எனக்கு அதில் ஒரு சின்னப் பெருமை.

சரி, இப்போது குறை. உன் விளையாட்டில் மேல் மூலையில் பணம் மட்டும்தான் ஓடுகிறது. டீலர் 10 காட்டும்போது 16 வந்தால் கெட்ட கைதான். எடுத்தாலும் நின்றாலும் சராசரியாக 100 ரூபாய்க்கு ஐம்பது சொச்சம் போகும். எடுத்தால் துளி குறைவாகப் போகும், அதனால் எடுப்பதுதான் சரி. நான் வேண்டுமென்றே எடுக்காமல் நின்றேன். டீலர் கவிழ்ந்தார், பணம் ஏறியது, திரை பச்சையானது. அடுத்த தடவை முறைப்படி எடுத்தேன். 9 வந்து ஆட்டம் போனது, திரை சிவப்பு. தப்புக்குப் பச்சை, சரிக்குச் சிவப்பு! ரிட்டயர் ஆகும்வரை கணக்குப் பேப்பர் திருத்தியவளுக்கு இது எப்படிப் பொறுக்கும்? விடை தப்பினாலும் வழி சரியாக இருந்தால் ஸ்டெப் மார்க் கொடுத்திருக்கிறேன். வழியே இல்லாமல் விடை மட்டும் சரியாக இருந்தால் பக்கத்துப் பையன் பேப்பரைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்பேன். உன் புரோகிராமும் அப்படித்தான் திருத்த வேண்டும். பணத்தை மறைத்துவிட்டு, நூறு முடிவில் எத்தனை சரி என்று காட்டு. தப்பினால் அந்த இடத்திலேயே சொல்லட்டும்.

இன்னொன்று, வர வேண்டிய கைகள் வருவதே இல்லை. ஏஸும் (அதை 1 என்றோ 11 என்றோ எண்ணலாம்) 7உம் சேர்ந்து 18 வருவது 80 ஆட்டத்துக்கு ஒரு தடவைதான். அதற்கு எதிரே டீலர் 9 காட்டுவது ஆயிரத்துக்கு ஒன்று. 18 இருக்கிறதே என்று பார்க்கிறவர்கள் அங்கே நின்றுவிடுவார்கள், ஆனால் எடுக்க வேண்டும். ஆயிரம் ஆட்டத்துக்கு ஒரு தடவை வருகிற பாடத்தை யார் மனதில் வைத்துக்கொள்வார்கள்? ஏஸ் வரும் கைகளையும் ஜோடிகளையும் மட்டும் திரும்பத் திரும்பப் போடும் ஒரு பகுதியைச் சேர். எட்டு ஜோடியை இரண்டு கையாகப் பிரிக்க வேண்டும், பத்து ஜோடியைத் தொடக் கூடாது என்பதெல்லாம் யோசிக்காமலே கைக்கு வர வேண்டும். அப்பா எட்டிப் பார்த்து, "யார்கிட்ட தோத்துக்கிட்டு இருக்க?" என்றார். உங்கள் மகளிடம்தான் என்றேன்.

இனி நீ டிசம்பரில் ஆபீஸ் ஆட்களோடு சிங்கப்பூரில் மெரினா பே சாண்ட்ஸ் கசினோவுக்குப் போகும் விஷயம். பாஸ்போர்ட்டைக் காட்டினால் உனக்குக் கட்டணம் இல்லை, அந்த ஊர்க் குடிமக்களுக்கும் அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் பி.ஆர். ஆட்களுக்கும் ஒரு நாளைக்கு 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றாய். தன் ஜனங்களை வாசலிலேயே 150 வெள்ளி கேட்டு யோசிக்க வைக்கிற அரசாங்கம் உன்னைச் சும்மா உள்ளே விடுகிறது. ஏன் என்று நீயே பார்த்துக்கொள்.

கணக்கைச் சொல்கிறேன். 25 வெள்ளி வைத்து மணிக்கு 60 கை ஆடினால் 1,500 வெள்ளி மேசையைத் தாண்டுகிறது. ஒரு தப்பும் இல்லாமல், நல்ல விதிகள் உள்ள மேசையில் ஆடினாலும் கசினோவின் பங்கு அரை சதவீதம்போல. அதாவது ஏழரை வெள்ளி. இவ்வளவுதானா என்று சிரிக்காதே, அது சராசரி. ஒரு மணி நேரத்தில் 200 வெள்ளி ஏறுவதும் இறங்குவதும் சாதாரணம். அந்த இறக்கத்தில்தான் ஜனங்கள் படித்ததை எல்லாம் மறந்து, விட்டதைப் பிடிக்கப் பந்தயத்தை ஏற்றுகிறார்கள். உன் லேப்டாப்பில் பணம் தீர்ந்தால் ஒரு பட்டனை அழுத்திப் புதிதாக ஆயிரம் வாங்கிக்கொள்கிறேன். அதனால் எனக்குக் கை நடுங்குவதில்லை. இந்த ஒன்றை மட்டும் எந்த விளையாட்டும் பழக்கித் தராது.

மேசையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு உட்கார். பிளாக்ஜாக், அதாவது முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்தும், வந்தால் 3க்கு 2 கொடுக்க வேண்டும், 25க்கு 37.50. சில மேசைகளில் 6க்கு 5 என்று இருக்கும், வெறும் 30. பிளாக்ஜாக் 21 கைக்கு ஒன்று வருவதால் மணிக்கு 20 வெள்ளி கூடுதலாகப் போகும். நீ தப்பில்லாமல் ஆடியதெல்லாம் அங்கேயே அடிபட்டுப்போகும். டீலர் ஏஸ் காட்டி இன்ஷூரன்ஸ் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல். பேர்தான் இன்ஷூரன்ஸ், அது தனிப் பந்தயம். டீலரின் இன்னொரு சீட்டு பத்தாக இருந்தால்தான் ஜெயிக்கலாம், அது 13க்கு 4தான், கொடுப்பதோ வைத்ததற்கு இரண்டு மடங்குதான்.

சீட்டை எண்ணிப் பழகுகிறேன் என்கிறாய். பழகு, மூளைக்கு நல்லது. 2 முதல் 6 வரை கூட்டல் 1, பத்துகளுக்கும் ஏஸுக்கும் கழித்தல் 1. முழுக் கட்டும் முடிந்தால் பூஜ்யம் வர வேண்டும். வேர்க்கடலை உரித்துக்கொண்டே நான் செய்கிறேன், வருகிறது. ஆனால் உன் புரோகிராம் ஒவ்வொரு கைக்கும் கட்டைக் கலைத்துவிடுகிறது, அதில் எண்ணிப் பிரயோஜனமில்லை. தொடர்ந்து கலைக்கும் மெஷின் உள்ள மேசையிலும் இதே கதைதான்.

போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இங்கே 2025இல் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைச் சட்டம் போட்டே நிறுத்தினார்கள். அதற்கு முன்னால் நம் தெருவிலேயே ரம்மியில் போன பணம் உனக்குத் தெரியும். 100 வெள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு, ஏடிஎம் கார்டை அறையில் விட்டுவிட்டுப் போ. அது தீர்ந்தால் வெளியே வந்து தண்ணீர்க் காட்சியைப் பார்.

கிறிஸ்துமஸுக்கு வரும்போது மாற்றிய புரோகிராமைக் கொண்டு வா. புதுப் பாம்பன் ரயில் பாலம் திறந்துவிட்டதால் மண்டபத்தில் இறங்கி பஸ் பிடிக்கும் வேலை இல்லை. லேப்டாப் சார்ஜர் வயர் பிய்ந்துவிட்டது, டேப் சுற்றி ஓட்டுகிறேன். அதற்கும் ஒன்று வாங்கி வா.

அன்புடன்,
அம்மா