எழும்பூர் கேலரியில் எங்கள் கொடிக்காகக் குனிந்த டீச்சருக்கு

நேற்றிரவு (2023 ஆகஸ்ட் 12) சென்னையில், ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஹாக்கி இறுதி ஆட்டத்தில் எங்கள் மலேசியா இந்தியாவிடம் தோற்றதை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். இடைவேளையில் 3-1, கடைசியில் 3-4. அதை மறுபடி வரிசையாக எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. ஈப்போவிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் விடிய விடிய வந்த செய்திகளில் பாதி ஆட்டத்தைப் பற்றியவை அல்ல. "அப்பா எப்படி இருக்கிறார்?" என்றுதான் கேட்டிருந்தீர்கள். அப்பா நன்றாக இருக்கிறார். காலையில் கென்னட் லேனில் இட்லியும் வடையும் சாப்பிட்டார். பேப்பர் வாங்கினார். விளையாட்டுப் பக்கத்தை மட்டும் உருவி மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மீதியைப் படித்தார். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்வாராம்.

முதலில் எங்கள் பையன்களுக்கு. ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில் மலேசியா இறுதி ஆட்டத்துக்கு வந்ததே இதுதான் முதல் தடவை. நடப்புச் சாம்பியன் தென்கொரியாவை அரையிறுதியில் 6-2 என்று அடித்துவிட்டு வந்தவர்கள் இவர்கள். லீக் சுற்றில் இதே இந்தியாவிடம் 0-5 வாங்கி ஆறே நாளில், நிரம்பி வழிந்த மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கத்தில் அவர்களை அரை மணி நேரம் வாயடைத்துப் போகச் செய்தார்கள். அஸ்ராய், ரஸி ரஹிம், அமினுதீன் மூவரும் போட்ட கோல்களை அப்பா இனி ஆயுளுக்கும் சொல்லிக்கொண்டிருப்பார். பயிற்சியாளர் அருள் செல்வராஜுக்கும் நன்றி. தோற்ற மறுநிமிடமே போனைத் தட்டித் திட்ட ஆரம்பித்த நம்மவர்களுக்கு மட்டும் நன்றி இல்லை. சரி, விடுங்கள்.

இந்த மடலை நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒருவருக்காக. அவர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. கோவில்பட்டிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பி.டி. டீச்சர் என்பது மட்டும் தெரியும். ஹாக்கி ஆடும் மாணவிகளைக் கூட்டிக்கொண்டு ராத்திரி ரயிலில் வந்திருந்தார். எங்களுக்கு நேர் பின்வரிசை. பிள்ளைகள் கன்னத்தில் மூவர்ணம், கழுத்தில் விசில். கோவில்பட்டி என்றால் ஹாக்கி என்பது மலேசியாவில் எங்களுக்கே தெரியும். இந்திய அணியில் ஆடும் அரியலூர் கார்த்தி செல்வம் ஸ்டிக் பிடித்துத் தேறியது அந்த ஊர் விளையாட்டு விடுதியில்தான். அந்த 0-5 ஆட்டத்தில் முதல் கோலைப் போட்டவரும் அவர்தான். "எங்க அண்ணன்" என்று அந்தப் பிள்ளைகள் அவரைச் சொந்தம் கொண்டாடியதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது குவாட்டரில் எங்களுடைய மூன்றாவது கோல் விழுந்தபோது சுற்றிலும் சத்தமே இல்லை. அப்பா ஒருவர்தான் எழுந்து நின்று கொடியை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். அதுவும் தமிழில்! "விடாதடா, விடாதடா!" பின்னாலிருந்த சின்னப் பெண் ஒருத்திக்குப் பொறுக்கவில்லை.

"தாத்தா, தமிழ் பேசுறீங்க, அப்புறம் எதுக்கு மலேசியாவுக்குக் கத்துறீங்க?"

அப்பா திரும்பிப் பார்த்தார். "நான் பொறந்தது, படிச்சது, ஸ்டிக்கு பிடிச்சு ஆடினது எல்லாம் ஈப்போவிலம்மா. வேற யாருக்குக் கத்துவேன்?"

அந்தப் பெண் மறுபடி ஏதோ கேட்க வாயெடுத்தது. டீச்சர் அதன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "அவுக டீமுக்கு அவுக கத்துதாக. நீ உன் டீமுக்குக் கத்து. விசில் எதுக்கு வாங்கிக் குடுத்தேன்?"

எங்கள் வீட்டில் எத்தனையோ தீபாவளிகளில் சித்தப்பாக்களும் மாமாக்களும் மல்லுக்கட்டிய விஷயம் இது. தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். சுல்தான் அஸ்லான் ஷா கோப்பைக்கு இந்திய அணி ஈப்போ வரும்போதெல்லாம் எங்கள் குடும்பமே கேலரியில் இரண்டாகப் பிரிந்து உட்காரும். வருடக்கணக்கில் முடியாத அந்தச் சண்டையை டீச்சர் இரண்டு வரியில் முடித்துவிட்டு, பையிலிருந்து முறுக்கை எடுத்துப் பிள்ளைகளுக்குப் பிட்டுக் கொடுத்தார். முன்வரிசைக்கும் இரண்டு வந்தது.

அப்புறம் 45-ஆவது நிமிடம். மூன்றாவது குவாட்டர் முடிய ஹூட்டர் அடிக்க வேண்டியதுதான் பாக்கி. இந்தியக் கேப்டன் ஹர்மன்பிரீத்தின் பெனால்டி ஸ்ட்ரோக் உள்ளே போனது. இழுத்த மூச்சை விடுவதற்குள் குர்ஜந்த் சிங் இன்னொன்றைத் தள்ளிவிட்டார். 3-3. பந்தைக் கொஞ்ச நேரம் மட்டையோடு மட்டையாகச் சுற்ற விட்டிருந்தால் ஒரு கோல் முன்னிலையிலாவது கடைசிக் குவாட்டருக்குப் போயிருப்போம். கூட்டம்தான் இந்தியாவை ஜெயிக்க வைத்தது என்று நம் ஊரில் சிலர் எழுதியிருக்கிறார்கள். கூட்டம் கோல் போடாது. ஆனால் அந்த இரைச்சலுக்கு நடுவே பக்கத்தில் நிற்பவன் கூப்பிடுவதுகூட நம் பையன்களுக்குக் கேட்டிருக்காது என்பது உண்மை. எனக்கே அப்பா பேசியது கேட்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். "எழுபத்தஞ்சு."

1975 உலகக் கோப்பை அரையிறுதி, கோலாலம்பூர். அப்பாவுக்கு அப்போது இருபது வயது, ரேடியோவைச் சுற்றி நின்ற கும்பலில் ஒருவர். 2-1 என்று மலேசியா முன்னால். இன்னும் ஐந்தே நிமிடம். இந்தியாவுக்குப் பெனால்டி கார்னர். மாற்று ஆளாக உள்ளே வந்த அஸ்லாம் ஷேர் கான் தாயத்தை முத்தமிட்டுவிட்டு அடித்தார், 2-2. கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் கதையை முடித்தார். அந்த இந்திய அணிதான் பிறகு கோப்பையையும் தூக்கியது. எங்களுக்கு நான்காம் இடம். இன்றுவரை உலகக் கோப்பையில் நாங்கள் எட்டிய உயரம் அதுதான். அந்த அணியின் கேப்டன் ஸ்ரீ சண்முகநாதன் பெயரை எங்கள் வீட்டில் சொன்னால் அப்பா எழுந்து நிற்காத குறைதான். 2018-இல் ஜகார்த்தாவில், ஆசிய விளையாட்டு இறுதியில், ஜப்பானிடம் 6-6 வரை போய் ஷூட்-அவுட்டில் தங்கத்தை விட்டது அடுத்த ரணம். ஆக, கையிலிருந்ததைக் கடைசியில் நழுவ விடுவது எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் நேரில், அதுவும் இந்தியாவின் சொந்த மைதானத்தில் உட்கார்ந்து பார்ப்பது அப்பாவுக்கு முதல் தடவை.

56-ஆவது நிமிடம் ஆகாஷ்தீப் சிங் விளாசினார்.

அடுத்து நடந்தது ஒரு நிமிடம்கூட இருக்காது. மொத்தக் கேலரியும் எழுந்து குதித்தது. பின்னாலிருந்து தள்ளியதில் அப்பாவின் கையிலிருந்த கொடி நழுவி வரிசைகளுக்கு நடுவே படிக்கட்டில் விழுந்தது. எங்களால் திரும்பக்கூட முடியவில்லை. அந்தப் படியில் நாலா பக்கமும் கால்கள். ஷூ, செருப்பு, சிந்தின டீ, வேர்க்கடலைத் தோல். போனதுதான் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் கொடியைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்? அவர்கள் கோப்பையை ஜெயித்துக்கொண்டிருக்கிறார்கள்.

டீச்சர் குனிந்தார். கொடிமேல் இரண்டு உள்ளங்கையையும் பரப்பி வைத்து, அந்தக் கும்பலுக்குள் படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். "மிதிக்காதீக, மிதிக்காதீக" என்று அவர் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. யாரோ ஒருவருடைய செருப்பு அவர் புறங்கையில் ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். கையை எடுக்கவில்லை. கால்கள் கொஞ்சம் விலகியதும் கொடியோடு எழுந்து இரண்டு உதறு உதறினார். மஞ்சள் பிறையில் ஒட்டியிருந்த கடலைத் தோலை ஊதித் தள்ளினார். ஒரு மூலையில் மண் பட்டிருந்தது. அதைத் துப்பட்டா நுனியால் துடைத்தார். பிறகு பிறையும் நட்சத்திரமும் மேலே வரும்படி மடித்து, இரண்டு கையாலும் அப்பாவிடம் கொடுத்தார்.

"கொடில்லா ஐயா. கால் படலாமா?"

அப்பா அவர் புறங்கையையே பார்த்தார். தடம் அப்படியே சிவந்திருந்தது. எங்கள் அப்பா ரொம்பப் பேசுகிறவர், உங்களுக்கே தெரியும். நேற்று ஒரு வார்த்தை வரவில்லை. கை கூப்பினார், அவ்வளவுதான்.

டீச்சர், நீங்கள் வெற்றிக் கோலைப் பார்க்கவே இல்லை. பந்து உள்ளே போனதைப் பார்த்தீர்களோ என்னவோ, அதற்குப் பிந்திய கொண்டாட்டம் முழுக்க உங்களுக்குத் தெரிந்தது எங்கள் கொடியும் மற்றவர்களுடைய கால்களும்தான். "டீச்சர், கோல் பாத்தீகளா, கோல் பாத்தீகளா" என்று பிள்ளைகள் உங்களைப் பிடித்து உலுக்கினார்கள். "ரீப்ளே போடுவான், பாத்துக்கிடலாம்" என்றீர்கள். ரீப்ளே போட்டபோது எதிரே எல்லோரும் நாற்காலிமேல் ஏறி நின்று திரையை மறைத்துவிட்டார்கள். மீதி நான்கு நிமிடமும் பிள்ளைகள் ஆளுக்கொரு மாதிரி அந்தக் கோலை உங்களுக்குச் சொல்லிக் காட்டினார்கள். ஒருத்தி இடது பக்கம் என்றாள், இன்னொருத்தி வலது என்றாள். நீங்கள் இரண்டுக்கும் தலையாட்டினீர்கள். கோவில்பட்டியிலிருந்து ராத்திரி முழுக்க ரயிலில் வந்தது அதைப் பார்க்கத்தானே!

ஹூட்டர் அடித்த பிறகும் நீங்கள் கிளம்பவில்லை. அப்பாவுக்கு முழங்கால் தகராறு என்பதை அவர் எழுந்த விதத்திலேயே கண்டுபிடித்துவிட்டீர்கள் போலிருக்கிறது. "கூட்டம் போகட்டும், ஐயா மெதுவா இறங்கட்டும்" என்று பிள்ளைகளை உட்கார வைத்தீர்கள். கீழே மைதானத்தில் கோப்பையைத் தூக்குகிறார்கள், வாணம் வெடிக்கிறது, பிள்ளைகளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்படியும் ஒன்றும் முணுமுணுக்கவில்லை. அப்புறம் இரண்டு பேர் முன்னால் போய் விசிலடித்து வழி விலக்க, தோற்ற அணியின் ரசிகர் கேலரியை விட்டு மாப்பிள்ளை அழைப்பு மாதிரி இறங்கினார். கேட்டில் அப்பா தலையைத் தொட்டு ஆசீர்வதித்தது, முதலில் கேள்வி கேட்டாளே, அந்தச் சின்னவளைத்தான். "தாத்தா, அடுத்த தடவை நீங்க ஜெயிங்க. ஆனா எங்ககூட ஆடறப்ப வேணாம்" என்றாள். நியாயம்தான்.

மற்றவர்களையும் விட்டுவிடக் கூடாது. மூன்றாவது குவாட்டர் இடைவேளையில் தண்ணீர் பாட்டிலைக் கேட்காமலே நீட்டிய போலீஸ்காரர். 1975-இல் அந்தப் பெனால்டி கார்னர் சரிதான் என்று அப்பாவோடு கடைசிவரை வாதாடிய முன்வரிசைப் பெரியவர் (அது அப்பாவுக்கு மருந்து மாதிரி வேலை செய்தது, அவருக்குத் தெரிந்திருக்காது). எங்கள் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்ற அத்தனை பேர். பேசியதற்கு மேல் ஐம்பது ரூபாய் கேட்டுவிட்டு, "மலேசியாவா? தோத்துட்டீங்களே சார், இருக்கட்டும்" என்று அதைத் தள்ளுபடி செய்த ஆட்டோக்காரர். ராத்திரி பதினொன்றரைக்கு அடுப்பை அணைத்த பிறகும் அப்பாவுக்காக ஒரு பாலைக் காய்ச்சிக் கொடுத்த விடுதிப் பையன். எல்லோருக்கும் கும்பிடு.

ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தேன். ஒரு கோல் விழுந்தால் நாம் எங்கே பார்க்கிறோம்? போட்டவனை, கோல் கீப்பரை, ஸ்கோர் பலகையை. நாற்பது வருஷத்துக்கு மேலாக மைதானத்துக்குப் போகிற அப்பாவோ, அவர் விரலைப் பிடித்துக்கொண்டு போய்ப் பழகிய நானோ, எதிரணிக்காரர் உட்கார்ந்திருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தவர்கள் இல்லை. பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவும் இல்லை. டீச்சர் தன் பிள்ளைகளுக்குப் பாடமாக எடுக்கவில்லை. பின்னாலேயே நின்று அவர்கள் பார்த்துவிட்டார்கள், அவ்வளவுதான். அவர்களில் யாராவது ஒருத்தி நாளைக்கு இந்தியாவுக்கு ஆடுவாள் என்று அப்பா பந்தயம் கட்டுகிறார். அந்த அணிக்கு எதிராகக் கத்துவதற்கு நான் இப்போதே தயாராக இருக்கிறேன்.

ஒன்று மட்டும் முடிவு செய்துவிட்டோம். அடுத்த மாதம் ஹாங்சௌவில் ஆசிய விளையாட்டு. தங்கம் வாங்கினால் நேரே பாரிஸ் ஒலிம்பிக். அதை வீட்டில் டிவியில்தான் பார்க்க முடியும். ஆனால் இந்திய அணி அஸ்லான் ஷா கோப்பைக்கு எப்போது ஈப்போ வந்தாலும், கேலரியில் எங்கள் பக்கத்து இருக்கைகள் இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு. அவர்கள் தோற்றால் கடைசி ஆள் படி இறங்கும்வரை நாங்கள் எழுந்திருக்க மாட்டோம். ஜெயித்தாலும் அப்படித்தான். என்ன, அப்போது முகம் கொஞ்சம் தொங்கியிருக்கும்.

டீச்சர், இதை யாராவது உங்களுக்குக் காட்டினால் இந்தப் பதிவின் கீழே ஒரு வரி எழுதுங்கள். பிள்ளைகளின் பள்ளி அணிக்கு அப்பா ஸ்டிக் வாங்கி அனுப்பப் போகிறாராம். எத்தனை வேண்டும், என்ன அளவு வேண்டும் என்று சொல்லுங்கள். கோல் கீப்பருக்குத் தனியாகச் சொல்லுங்கள். அவர் இப்போதே கடைக்காரருக்குப் போன் போட ஆரம்பித்துவிட்டார்.